மூன்றும் எட்டும்

சுவரில் முதல் தாளை ஒட்டியவுடனே வெங்கிடபதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று சொல்லக்கூடாது, உதட்டோரத்தில் வெகுகாலமாகக் குடியிருக்கும் ஒரு கோணல் அது. அந்தக் கம்பெனியில் அதைப் பார்த்துப் பயப்படாத டிராயிங்காரன் கிடையாது. பம்பு செய்கிற கம்பெனி. கிணற்றுக்குள் இறக்கினால் தண்ணீரை மேலே தள்ள வேண்டும், அவ்வளவுதான் அதன் ஜென்மக் காரியம். அதற்கு வரைகிற படங்களில் அளவுகளை எந்த ஃபாண்டில் போடுவது என்று முடிவு செய்ய, பட்டப்பகலில் ஏசியைப் போட்டு, தட்டில் முந்திரி பிஸ்கட்டை அடுக்கி, ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுநாயகமாக முதலாளி மகன் கௌதம். வெளிநாட்டுப் படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் பெயர்ப்பலகை, காலண்டர், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் மாற்றிவிட்டான், இனி மாற்ற மிச்சமிருப்பது தண்ணீரின் நிறம் ஒன்றுதான். அவன் பக்கத்தில் அபினவ், சென்னை விளம்பரக் கம்பெனிக்காரன், எழுத்துக்கு அழகு பார்க்கிறவன்; முழங்காலில் கிழிந்த பேண்டைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, அளவு எப்படித் தெளிவாக இருக்க வேண்டும் என்று இவருக்குப் பாடம் எடுக்கப் போகிறான். எதிரே மெஷின் ஷாப்பைப் பார்த்துக்கொள்ளும் மயில்சாமி, லேத்துச் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகி ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கச் சொல்கிறவன். கடைசி நாற்காலியில் பூங்கொடி, டிராயிங் ஆபீஸில் இவருக்கு அடுத்தபடி இருப்பவள். பதினைந்து வருஷமாகியும் வாயைத் திறந்தால் 'சரிங்க சார்' தவிர வேறொன்றும் வந்து இவர் கேட்டதில்லை. இந்த நால்வரையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் தம் சட்டைப்பையில் இருக்கும் மஞ்சள் பென்சிலை வைத்தால் பென்சில் பக்கம்தான் தாழும் என்று வெங்கிடபதி மனதார நம்பினார். அந்த மஞ்சள் பென்சில் சாதாரணமானது அல்ல. எந்தப் படமும் லேத்துக்குப் போகுமுன் அவர் மேசைக்கு வரும். ஒவ்வொரு அளவாகப் படித்துச் சரியானதன் மேல் மஞ்சள் தீற்றுவார், தப்பானதைச் சிவப்பில் சுழிப்பார், எல்லா அளவும் மஞ்சளான பிறகு மூலையில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாத படத்துக்கு இரும்பைத் தொட அனுமதி கிடையாது.

"சார், நீங்கதான் சீனியர். ஃபர்ஸ்ட் நீங்களே படிங்க" என்றான் கௌதம். படிக்க வேண்டுமாம். தாளில் வரிசை வரிசையாக எண்கள். பாதி அளவுக்குச் சுருக்கி, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் லேத்தின் தலையில் கிளிப்பு போட்டு மாட்டியிருக்கும் தாளின் யோக்கியதை அதுதான். அசல் தாளை எவனும் ஷாப்புக்கு அனுப்புவதில்லை. நகலின் நகலைத்தான் அனுப்புவார்கள், அதில் மூன்றின் திறந்த வாய் மூடி எட்டாகிவிடும், ஆறின் கழுத்து வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும், புள்ளி இருந்த இடத்தில் கொசு செத்ததா புள்ளிதானா என்று தெரியாது. ஆகவே இது சரியான சோதனைதான், அதை அவரே மறுக்க மாட்டார், ஆனால் சுவரில் ஒட்டி, இரண்டு கஜம் தள்ளி உட்காரவைத்து, வரிசையாகப் படி என்கிறானே, இதை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தார். வேறெங்கே, அங்கேதான். அதை நினைக்காதே. தலையை ஒருபக்கமாகச் சாய்த்துத் தாளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஓரக்கண்ணால் பார்த்தால் எண்கள் இருந்தன, நேராகத் திரும்பினால் இல்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அதன்மேல் மட்டும் எண்ணெய் விரலை வைத்து அழுத்தினாற்போல் ஒரு மங்கல். சுற்றியிருக்கும் சுவர், ஜன்னல், முந்திரி பிஸ்கட், அபினவின் கிழிந்த முழங்கால் எல்லாம் துல்லியமாக இருந்தன. உலகத்தில் பார்க்க லாயக்கில்லாதது எல்லாம் தெரிந்தது. "இது என்ன எழுத்தா, முறுக்கா?" என்றார் வெங்கிடபதி. "மாவு பத்தாம பிழிஞ்சு விட்ட மாதிரி இருக்குது. இதையெல்லாம் நான் வேற படிக்கணுமாக்கும்?" மயில்சாமி மேசை அதிரச் சிரித்தான். கௌதமும் சிரித்தான். அபினவ் முகம் சுண்டிப்போய் ஏதோ குறித்துக்கொண்டான். பூங்கொடி சிரித்தாளா என்று தெரியவில்லை, அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தார், அதனால் தெரியவில்லை. "சாருக்குப் பிடிக்கலைன்னா அடுத்தது பார்க்கலாம்" என்றான் கௌதம். அவ்வளவுதான். ஒரு எண்கூடப் படிக்காமல் தப்பியாயிற்று. இந்தக் கூட்டத்தை ஏமாற்ற இவ்வளவு சின்ன வித்தை போதும் என்பதில் அவருக்கு அவர்கள்மேல் இன்னும் இளப்பம் கூடியது. ஏனடா, நான்கு பேரில் ஒருவனாவது, படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா?

இரண்டாவது தாளை ஒட்ட அபினவ் பசை நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பல்லால் நாடா கடிக்கிறவன் தொழில்காரனே இல்லை. அந்த இடைவெளியில் காலையில் நடந்தது வெங்கிடபதியின் மண்டைக்குள் மறுபடி வந்து நின்றது, காலையிலிருந்து அது இப்படித்தான், விரட்டினால் வாசல்வரை போய்த் திரும்பி வரும் நாயைப்போல. ஏற்றுமதிக்குப் போகும் பம்பின் ஷாஃப்ட், உள்ளே சுற்றும் தண்டு. மயில்சாமி படத்தோடு வந்து மேசைமேல் குனிந்து நின்றான், போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே. அவர் ஒவ்வொரு அளவாக மஞ்சள் தீற்றிக்கொண்டு வந்தார். விட்டம், சரி. மொத்த நீளம், சரி. தண்டு தடிக்கிற தோளிலிருந்து சாவி உட்காரும் பள்ளம்வரை, அறுபத்து... அறுபத்து மூன்றா, எட்டா? நேராகப் பார்த்தார், மங்கல். தலையைச் சாய்த்தார், மூன்று. இன்னும் சாய்த்தார், எட்டு. எது இருக்க வேண்டும் என்பதை வேறு அளவுகளிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கலாம்தான், அதற்கு அந்த வேறு அளவுகள் தெரிய வேண்டுமே. கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்க்கலாம். மாதக்கணக்கில் அப்படித்தான் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு திரையில் கை அகலத்துக்கு எண்களை ஊதிப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் மஞ்சள் தீற்றிக்கொண்டிருக்கிறார். ஆனால் மயில்சாமி தலைக்குமேல் நின்றான். அவன் எதிரில், ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே படத்தைத் திரையில் ஊதிப் பார்ப்பதா? "என்னுங்க சார், ஏதாச்சும் சந்தேகமுங்களா?" என்று அவன் போனை மூடிக்கொண்டு கேட்டான். சந்தேகமாம். வெங்கிடபதிக்குச் சந்தேகமாம். அந்தச் சொல்லைக் கேட்ட எரிச்சலில் மஞ்சளைத் தீற்றிக் கையெழுத்தைப் போட்டு, "ஒன்னும் கிடையாது, எடுத்துட்டுப் போ" என்று தள்ளிவிட்டார். போய்விட்டான். ஐந்து மில்லிமீட்டர். பள்ளம் ஐந்து மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் அந்த ஷாஃப்டில் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் தன் இடத்தில் உட்காராது, உட்கார்ந்தாலும் சுவரில் உரசும், அறுத்துவைத்த எவர்சில்வர் கம்பி மொத்தமும் பேரிச்சம்பழத்துக்குத்தான். இப்போது, இந்த நிமிஷம், லேத் ஓட்டுகிற எவனோ ஒரு டர்னர் அந்தத் தாளைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருப்பான். மாட்டட்டும். அது சரியாகத்தான் இருக்கும். வரைந்த பொடியன் ஒழுங்காக வரைந்திருந்தால். அவன் என்றைக்கு ஒழுங்காக வரைந்தான்?

டர்னர்கள் ஒரு சாதி. வேலை கெட்டால் முதலில் சொல்வது, 'டிராயிங்ல சரியாத் தெரியலைங்க.' அதைக் கேட்டால் வெங்கிடபதி தவறாமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், கூட்டத்தில் நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறார், ஒருவன் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுநாள் வந்தபோது அவனைப் பார்த்தும் சொன்னார். அந்தக் காலத்து ஸ்டென்சில் எழுத்துப்போல வருமா என்று சில கிழங்கள் ரிட்டயர்மெண்ட் பார்ட்டியில் உருகும். அதுகளையும் அவருக்குப் பிடிக்காது. ஸ்டென்சில் எழுத்தின் லட்சணம் இவருக்குத் தெரியாதா? மை கசிந்து எட்டின் இரண்டு கண்ணும் குருடாகி, பிளேடால் சுரண்டி, சுரண்டிய இடத்தில் ஓட்டை விழுந்து... அந்தக் காலமாம். எந்தக் காலத்து எழுத்தும் முட்டாள் கையில் முட்டாள் எழுத்துதான். கண் ஒன்றுதான் முக்கியம். பெரிய முதலாளி, கௌதமின் அப்பா, ஒரு ஆயுதபூஜையன்று மைக்கைப் பிடித்து, "வெங்கிடபதி கண்ணுல படாத தப்பு நம்ம கம்பெனியில தப்பே கிடையாது" என்றார், தொழிலாளிகள் கைதட்டினார்கள், வெங்கிடபதியின் மனைவி சரோஜா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஓய்வு வயது தாண்டியும் அவரை வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். அவர் வரைவதில்லை, டிசைன் போடுவதில்லை, ஆள் நிர்வாகம் இல்லை, பார்க்கிறார். பார்ப்பதற்குத்தான் சம்பளம். பார்க்க முடியாதவருக்கு அந்த மேசை எதற்கு, நாற்காலி எதற்கு, மதியம் இரண்டாவது டீ எதற்கு? வீட்டில் சரோஜா, "என்னங்க இப்பல்லாம் பேப்பரைப் புரட்டிட்டு அப்படியே வச்சிர்றீங்க" என்று கேட்டாள். "மை வாங்கக் காசில்லாம பத்திரிகை நடத்தறானுக, அதை எவன் படிப்பான்" என்றார். அவளும் நம்பினாள். அவள் நம்பாதது எது? சோசியன் சொன்னதையே நம்புகிறவள்.

இரண்டாவது தாள் சுவரேறியிருந்தது. இது கொஞ்சம் ஒல்லியான எழுத்து என்பது ஓரத்தில் தெரிந்தது. "சார்?" என்றான் கௌதம். "பட்டினி கிடந்த எழுத்து. நம்ம ஷாப்ல தொங்கவிட்டா ரெண்டே நாள்ல ஆவி போயிரும்" என்றார். இந்தமுறை கௌதம் சிரிக்கவில்லை. "ஓகே சார், ஆனா ஒரு லைனாவது படிச்சுக் காட்டினா அபினவ் எங்கெங்க கன்ஃப்யூஷன் வருதுன்னு மார்க் பண்ணிக்குவாரு" என்றான். அபினவ் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான், இலையில் சோறு விழக் காத்திருக்கிறவனைப் போல. வெங்கிடபதி உதட்டைக் கோணினார். "படிக்கற மாதிரி இருந்தாத்தானே படிக்கறதுக்கு? மூணும் எட்டும் ஒன்னாக் கிடக்குது பாருங்க. பூங்கொடி, என்னம்மா சொல்றே, ஒன்னாத்தானே கிடக்குது?" சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "சரிங்க சார்" என்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சரிங்க சார். வாயில்லாப் பூச்சி. இவளையெல்லாம் எனக்கு அடுத்தபடி என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சற்று நேரம் என்னத்துக்கு? என்ன யோசித்தாள்? யோசிக்க அவளிடம் என்ன இருக்கிறது? மூன்றும் எட்டும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. கிடக்க வேண்டும். ஜெராக்ஸின் ஜெராக்ஸில் கிடக்காமல் என்ன செய்யும்?

அன்றைக்கும் அப்படித்தான் அந்தப் பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தாள், கண் ஆஸ்பத்திரியில். டாக்டராம், இவர் வீட்டுக்கு எதிர்ப்புறம் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளைப்போல இருந்தாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, கட்டம் போட்ட சின்ன அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "நடுவுல இருக்கற புள்ளியைப் பாருங்க ஐயா, சுத்தியிருக்கற கோடெல்லாம் நேரா இருக்குங்களா?" என்றாள். கோடு நேராக இருக்கிறதா என்று வெங்கிடபதியைக் கேட்டாள். ஆயுள் முழுக்கக் கோட்டைப் பார்த்தே சாப்பிட்டவரை. புள்ளியைக் காணோம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடுகள், நனைந்து காய்ந்த பாயைப்போல உள்ளே அமுங்கி வளைந்து கிடந்தன. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க கார்டு பிரிண்டிங் சரியில்லைம்மா. நல்ல பிரஸ்ஸாப் பார்த்துக் குடுங்க" என்றார். அப்போதுதான் அந்தப் பெண் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, இது கண்ணாடி மாத்தினா சரியாகற விஷயம் இல்லீங்க. நடுப்பார்வை. கண்ணுக்குள்ள ஊசி போடணும். தள்ளிப் போடாம வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போகவில்லை. கண்ணுக்குள் ஊசியாம். பயம் ஒன்றும் இல்லை. பயம் இல்லை என்று அவர் பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிக்கொண்டார், பஸ் நம்பர் தெரியாமல் கண்டக்டரைக் கேட்டு ஏறிய பஸ்ஸில். கண்டக்டர், "போர்டுல எழுதியிருக்குதில்ல பெரியவரே" என்றான். உன் போர்டு எழுதினவன் கையை உடைக்கணும் என்றார். அப்படியே ஊரில் ஒவ்வொருவனாக எழுத்துத் தெரியாதவன் ஆகிக்கொண்டு வந்தான்: போர்டு எழுதுகிறவன், பேப்பர் அடிக்கிறவன், மாத்திரை அட்டையில் தேதி குத்துகிறவன், படம் வரைகிற பொடியன்கள், கடைசியில் இதோ அபினவ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவ்வளவு சோறு வேண்டியிருக்கிறது. இந்த நினைப்பு வந்ததும் அவர் அதை அதட்டி உட்காரவைத்தார். அபினவ் எழுத்துத் தெரியாதவன்தான். அது வேறு விஷயம்.

மயில்சாமியின் போன் அடித்தது. "சொல்லு" என்று கத்தினான். "ஆங். மாட்டியாச்சா? செட்டிங் ஆச்சா? சரி சரி, முதல் பீஸ் வந்ததும் சொல்லு." போனை மேசையில் கவிழ்த்து, "ஷாஃப்ட்டுங்க சார், ஓட்ட ஆரம்பிக்கிறானுக" என்று பொதுவாகச் சொன்னான், நல்ல சேதி சொல்கிறவனைப் போல. வெங்கிடபதி சட்டைப்பைப் பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிறுத்தச் சொல். ஒரு வார்த்தை. 'மயில்சாமி, அந்தப் பள்ளத்து அளவுல எனக்கொரு சந்தேகம், நிறுத்தி வை.' இதைச் சொல்ல என்ன செலவு? கை கால் போய்விடுமா? சொன்னால் அவன், 'என்னுங்க சார், காலைல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க' என்பான், மேசை அதிரும்படி. கௌதம் திரும்பிப் பார்ப்பான். தாளைக் கொண்டுவா என்பான். தாள் வரும். எல்லோரும் குனிவார்கள். 'எங்க சார் சந்தேகம்' என்று கேட்டுத் தாளை இவர் பக்கம் தள்ளுவார்கள். அப்போது இவர் எந்த எண்ணைக் காட்டுவார்? எண் எங்கே இருக்கிறது என்று விரல் வைக்கக்கூடத் தெரியாது. ஓடட்டும். முதல் பீஸை அளந்து பார்ப்பான்களே. எதை வைத்து அளப்பான்கள்? அந்தப் படத்தை வைத்து. மஞ்சள் தீற்றிய படத்தை வைத்து. படம் தப்பென்றால் தப்பான பீஸ் சரியான பீஸ், அளக்கிறவனும் டிக் போடுவான், கப்பலும் ஏறிவிடும். இரும்புக்குத் தெரியுமா வெங்கிடபதியின் பெருமை? ஓடட்டும் என்றும் நிறுத்து என்றும் உள்ளே மாறி மாறி ஒன்று அடித்துக்கொண்டது, அதற்கு நடுவில் அபினவ் எழுந்து, "சார், அடுத்த ரெண்டும் ஒட்டறதுக்குள்ள டீ பிரேக் எடுத்துக்கலாமா?" என்றான். இந்தப் பயலுக்கு எழுத்தைவிட டீயின்மேல்தான் ருசி. கும்பிடலாம் போல இருந்தது அவனை.

வராந்தாவில் டீ கேன் வைத்திருந்தார்கள். பூங்கொடி காகிதக் கோப்பையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் தனியாக நின்றாள். வெங்கிடபதிக்கு அவளைப் பற்றி நல்லதாக ஒன்று நினைக்க வேண்டுமென்றால் நினைப்பே வராது. இரண்டு முறை அவள் படங்களை எல்லோர் முன்னாலும் கிழித்திருக்கிறார். ஒருமுறை அம்புக்குறியின் தலை பெரிதாக இருந்ததற்கு. இந்தக் கம்பெனியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், இவளிடம் கேட்கக்கூடாது. ஆனால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள், இவளுக்குத்தான் சத்தம் கிடையாது. அவர் கால்கள் தாமாகவே அங்கே போயின. "ஏம்மா" என்றார். "காலைல ஒரு ஷாஃப்ட்டுப் படம் போச்சு பாரு. அதுல தோள்ல இருந்து சாவிப் பள்ளம் வரைக்கும்... அது என்ன போட்டிருந்துது?" சும்மா கேட்பதுபோலக் கேட்க நினைத்தார், வரவில்லை. பூங்கொடி கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"படத்துல அறுபத்து மூணுங்க சார். அறுபத்தெட்டுத்தான் வரணும். மாத்தித்தான் ஷாப்புக்கு அனுப்பினோமுங்க."

"நான் மஞ்சள் தீத்தினேனே."

"ஆமாங்க சார். அறுபத்து மூணு மேலதான் தீத்தியிருந்தீங்க."

"அனுப்பினோம்னா யாரு?"

"நானும் மயில்சாமி அண்ணனுமுங்க. உங்க டேபிள்ல இருந்து வர்றதை எல்லாம் அண்ணன் நேரா எங்கிட்டத்தான் கொண்டுவந்து குடுப்பாரு. நான் இன்னொருக்காப் பார்த்துட்டு அப்புறம்தான் அனுப்புறோம்."

"எவ்வளவு நாளா?"

"மழைக்காலத்துல இருந்துங்க சார். ஒரு இம்பெல்லர் படத்துல அஞ்சு தப்பு மஞ்சளா வந்துது. அப்ப இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா டிராயிங்கைக் கிழிச்சுருவீங்கன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "பெரிய முதலாளி வரைக்கும் போக வேண்டாம்னு அண்ணன்தான் சொன்னாருங்க. சார் எக்ஸ்டென்ஷன் முடியற வரைக்கும் நாம பார்த்துக்கலாம்னாரு" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவளை ஒரு அறை அறைவதுபோலப் பேசியிருக்கலாம். இருந்தது இரக்கம், அதைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தார். ஷாஃப்ட் பிழைத்தது என்ற நிம்மதி ஒரு நொடிதான் இருந்தது, அதன் பின்னால் வந்த அவமானம் அதை மிதித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. மழைக்காலத்திலிருந்து. அப்படியென்றால் மேசைக்கு முன்னால் போனில் சிரித்துக்கொண்டே நின்றானே மயில்சாமி, அவனுக்குத் தெரியும். 'ஏதாச்சும் சந்தேகமுங்களா' என்று கேட்டது கிண்டல் இல்லை, ஒரு வழி திறந்து விட்டிருக்கிறான், சந்தேகம் என்று சொல்லிவிடுங்கள் என்று. முறுக்கு என்றபோது மேசை அதிரச் சிரித்ததும் அதே கணக்குத்தான்: இவர் படிக்க வேண்டிவராமல் இருக்க. சத்தக்காரப் பயல், அவனுக்கு இவ்வளவு நாசூக்கு எங்கிருந்து வந்தது? இத்தனை மாதம் இவர் தீற்றிய மஞ்சள் எல்லாம் சும்மா, குழந்தை கையில் கலர் பென்சில் கொடுத்து உட்காரவைப்பார்களே, அது. இவர் மதிக்காத இரண்டு பேர் இவருக்குத் தெரியாமல் இவரைத் தூக்கிச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள், அவர்கள் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு இவர் அவர்கள் தலையில் குட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தூ. இதைவிட அந்தக் கண்ணுக்குள் ஊசி தேவலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று உள்ளே ஒன்று சொன்னது. யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த வருஷம்வரை இப்படியே ஓட்டலாம். அவள் 'சரிங்க சார்' என்பாள், அவன் சிரிப்பான், நீ உதட்டைக் கோணு. எவ்வளவு சுகம். அப்படி நினைத்தபோது வெங்கிடபதிக்கு ஆயுளில் முதல்முறையாக, அந்த அறையில் இருந்த எல்லோரையும்விடக் கேவலமான ஒருவர் தெரிந்தார். அவரைத் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அபினவ் மூன்றாவதையும் நான்காவதையும் ஒட்டிவிட்டு நகர்ந்தான். நான்காவது தாளைக் காட்டும்போது கௌதமின் குரலில் ஒரு ஆசை இருந்தது. "இது நம்ம கம்பெனியோட சொந்த ஃபாண்ட் சார். லோகோவுக்குப் பண்ணினது. போர்டு, கேலண்டர், பாக்ஸ் எல்லாத்துலயும் இதான். டிராயிங்லயும் இதே வந்துட்டா ஒரே முகமா இருக்கும். மத்த மூணும் உங்களுக்கு ஒத்துவராதுன்னா இதையே ஃபைனல் பண்ணிரலாம்." மத்த மூணும். அவற்றில் இரண்டை டீக்கு முன்னால் இவர்தான் தீர்த்துக்கட்டினார், பார்க்காமலே. மூன்றாவதையும் ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டால் மிஞ்சுவது இந்தக் காலண்டர் எழுத்து. அது எப்படி இருக்கிறது? தெரியாது. நன்றாக இருக்கலாம். லேத்துக்கு முன்னால் நிற்கிறவன் தினமும் மூன்றை எட்டாகப் படிக்கிற எழுத்தாகவும் இருக்கலாம், அவன் கண் நன்றாக இருக்கும்போதே. அவனைக் கூட்டத்தில் நிறுத்தி இவரைப்போல் இன்னொருவன் பழமொழி சொல்வான். பூங்கொடி பக்கம் திரும்பினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, இவர் திரும்பியதைப் பார்த்து மூடிக்கொண்டதுபோல ஓரத்தில் தெரிந்தது. அந்த வாயை மூடவைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்தது. மயில்சாமி தயாராக நாற்காலியில் நிமிர்ந்தான், இவர் என்ன சொன்னாலும் சிரிக்க.

வெங்கிடபதி எழுந்து சுவரிடம் போனார். மூக்கு தாளில் படும்வரை போனார். பசை நாடாவின் வாசனை வந்தது, மை வாசனை வந்தது, எண் வரவில்லை.

"கௌதம்" என்றார், தம்பி என்றோ சார் என்றோ சேர்க்கத் தோன்றவில்லை. "இதை நான் படிக்கலை. காலைல இருந்து எதையுமே படிக்கலை. எனக்குக் கண்ணு போயிட்டிருக்குது. மூணும் எட்டும் தெரியறதில்லை."

மயில்சாமி, "சார், என்னுங்க சார் இப்ப போயி..." என்று எழுந்தான். அவனுடைய குரல் தாழ்ந்து வந்து வெங்கிடபதி கேட்டதே இல்லை.

"நீ உக்காரு மயில்சாமி. போதும் நீ சிரிச்சது." பிறகு கௌதமிடம், "நான் வேண்டாம்னு சொன்ன ரெண்டு தாளையும் கணக்குல எடுத்துக்காதீங்க. என் கண்ணை வச்சு எழுத்துப் பொறுக்கினா மெஷின் ஷாப்புக்குத்தான் கேடு. படங்களை இப்பப் பார்க்கறது பூங்கொடிதான். ரொம்ப நாளா அவதான் பார்க்கறா. அவளைப் படிக்கச் சொல்லுங்க" என்றார்.

கௌதம் என்ன முகம் வைத்துக்கொண்டான் என்று வெங்கிடபதி பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது, அதனால் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்று இருந்தது அவருக்கு. மஞ்சள் பென்சிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பூங்கொடியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "படிங்க மேடம்" என்றான் அபினவ் மெதுவாக, முதல் தாளைக் காட்டி.

"சார்" என்றாள் பூங்கொடி, இவர் பக்கம் திரும்பி.

"படி."

அவள் படிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை. நூற்று முப்பத்து மூன்று, எண்பத்து மூன்று, முப்பத்தெட்டு புள்ளி மூன்று, எட்டு புள்ளி பூஜ்யம் எட்டு என்று, மளிகைச் சாமான் சொல்லுகிறவளைப் போல, மேலேயிருந்து கீழேவரை ஒரே சீராகப் படித்துக்கொண்டே போனாள். வெங்கிடபதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எங்காவது ஒரு இடத்தில் தடுக்கும், ஒரு மூன்றிலாவது அவள் குரல் இழுபடும் என்று கடைசி வரிவரை காத்திருந்தார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.